ஏரியும் கணினியும்

மாணவர்களே! இராஜஸ்தான் மாநிலத்தின் தார்ப் பாலைவனப் பகுதியில் லூண்கரன்சர் என்னும் ஏரிப்படுகை உள்ளது. ஒரு காலத்தில் அங்கு நீர் நிறைந்திருந்தது. இன்றைக்கு 5,000 ஆண்டுகளுக்கும் முன்பே அந்த ஏரி வற்றிவிட்டது. மழையை அளக்கும் கருவி எதுவும் இல்லாத அக்காலத்தின் செய்தியை நாம் எவ்வாறு அறிந்தோம்? அதனை அறிவதால் நமக்கு என்ன பயன்?

இயற்கையின் பதிவேடு

ஏரியின் அடியில் வண்டல் அடுக்கடுக்காகப் படிகிறது. சுற்றிலும் வளரும் புல், செடி, மரங்களின் மகரந்தத்தூள் காற்றில் வந்து அவ்வண்டலில் புதைகிறது. அதனை நுண்ணோக்கியால் ஆராய்ந்தால், எக்காலத்தில் எவ்வகைச் செடிகள் வளர்ந்தன என்பது புலப்படும். 1970-களில் குர்தீப் சிங் என்னும் அறிஞர் சாம்பர், டீட்வானா, லூண்கரன்சர் ஆகிய ஏரிகளின் வண்டலை இவ்வாறு ஆராய்ந்தார். அப்பகுதி முற்காலத்தில் இன்றைவிட ஈரமாக இருந்தது என்று காட்டினார். இத்தகைய சான்றுகளைத் தொல்காலநிலைப் பதிவுகள் என்பர்.

கணினியின் கணக்கு

காலநிலை மாதிரி என்பது காற்று, கடல், நிலம், பனி ஆகியவற்றின் இயக்கத்தை இயற்பியல் விதிகளின்படி கணக்கிடும் கணினி நிரல். வரும் காலத்தில் பருவமழை எவ்வாறு மாறும் என்பதைக் கணித்துக் கூற இம்மாதிரிகளே பயன்படுகின்றன. நம் நாட்டு உழவும் குடிநீரும் பருவமழையை நம்பியுள்ளன. ஆகவே அக்கணிப்பு எவ்வளவு சரியானது என்று அறிதல் இன்றியமையாதது. எதிர்காலத்தை இன்றே பார்த்துச் சரிபார்க்க இயலாது. ஆனால் கடந்த காலத்தைக் கணக்கிடுமாறு மாதிரியைப் பணித்து, வந்த விடையை வண்டலின் சான்றோடு ஒப்பிடலாம்.

சகாரா தந்த பாடம்

இன்றைய சகாரா பாலைவனத்தில் முற்காலத்தில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தசீலி மலைப்பகுதிப் பாறைகளில் மாட்டு மந்தைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் வரையப்பட்டுள்ளன. இம்மாற்றத்திற்குக் காரணம் என்ன? இக்காலத்தில் புவி ஜனவரி மாதத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் வடகோளக் கோடையில் அருகில் வந்தது. அதனால் கோடை வெயில் கூடி, பருவக்காற்று வலுவடைந்தது. இதனை அமெரிக்க அறிஞர் ஜான் குட்ஸ்பாக் 1981-ஆம் ஆண்டில் மாதிரியின் துணைகொண்டு விளக்கினார்.

1990-களில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கூட்டுத் திட்டம் வகுத்தனர். 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை அனைத்து மாதிரிகளும் ஒரே வகையான தொடக்கத் தகவல்களோடு கணக்கிட்டன. 1999-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் 18 கணக்கீடுகள் ஒப்பிடப்பட்டன. அவை யாவும் பருவமழை வலுத்ததைக் காட்டின. எனினும் சகாராவில் ஏரிகளும் மகரந்தமும் உணர்த்திய அளவு மழையை அவை காட்டவில்லை.

அந்த வேறுபாடே புதிய ஆய்வுக்கு வழிவகுத்தது. அக்கணக்கீடுகளில் சகாராவின் தரை இன்றுபோலவே வெறும் மணலாகக் கொள்ளப்பட்டிருந்தது. உண்மையில் புல் படர்ந்த நிலம் மணலைவிட மிகுதியான வெயிலை உள்வாங்கும். ஈரத்தையும் காற்றுக்குத் திருப்பித் தரும். செடிகளையும் ஏரிகளையும் கணக்கில் சேர்த்தபோது இடைவெளி குறைந்தது. ஆனால் முற்றிலும் மறையவில்லை. ஆய்வு இன்றும் தொடர்கிறது.

திட்டமிடும் முறை

இத்தகைய கூட்டாய்வைத் தொடங்கும் முன்பே இரு சாராரும் சிலவற்றில் உடன்பட வேண்டும்.

முதலாவது, எந்த வினாவுக்கு, எந்தக் காலத்தைக் கொண்டு விடை தேடுவது என்று முடிவு செய்தல்.

இரண்டாவது, வண்டலின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையால் கணித்து, அதில் நேரக்கூடிய பிழையின் அளவையும் உடன் குறித்தல்.

மூன்றாவது, அளவுகளைப் பொருத்துதல். ஏரி தன் சுற்றுப்புறத்தின் செய்தியையே கூறும். மாதிரியின் ஒரு கட்டமோ ஒரு மாவட்டத்தினும் பெரிதாக இருக்கலாம். எனவே ஓர் ஏரி போதாது; பல ஏரிகளின் பதிவுகள் தேவை.

நான்காவது, மாதிரியைத் திருத்துவதற்குப் பயன்படுத்திய பதிவையே அதனைச் சோதிப்பதற்கும் பயன்படுத்தாதிருத்தல். விடையைப் பார்த்து எழுதிய தேர்வு தேர்வாகாது அன்றோ?

மாணவர்களே! வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழியும் பேசும் நீங்கள், பாட்டி சொன்னதை நண்பருக்கு விளக்கும்போது சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் கெடுவதை அறிவீர்கள். ஏரி மகரந்தத்தால் பேசுகிறது. மாதிரி மழையின் அளவைக் கூறுகிறது. இரண்டையும் அறிந்தவர்கள் இடையில் நின்றால்தான் ஒன்று கூறுவது மற்றொன்றுக்கு விளங்கும்.

சிந்தித்து எழுதுக

1. கடந்த காலத்தைக் கொண்டு காலநிலை மாதிரியைச் சோதிப்பது ஏன்?

2. கணக்கீடும் வண்டலின் சான்றும் வேறுபட்டதால் விளைந்த நன்மை யாது?

3. நீங்கள் வாழும் ஊரின் ஏரி அல்லது குளம் முன்பு எவ்வாறு இருந்தது என்று முதியோரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.