விதைக்கு முன்பே கருகும் க்ளோவர்

ஸ்பெயினின் தென்மேற்கில் ‘தெஹேசா’ எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஓசோன் முதலில் பதம் பார்ப்பது க்ளோவர் என்னும் தீவனச் செடிகளைத்தான். ஓக் மரங்களுக்கிடையே ஆடு, மாடு, கறுப்புப் பன்றிகள் மேயும் பூமி அது. அங்குள்ள செடிகளில் பெரும்பாலானவை ஓராண்டுத் தாவரங்கள். இலையுதிர்கால மழையில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடைக்குள் விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். அவை பூக்கும் சமயம்தான் வெயிலோடு ஓசோனும் ஏறுகிறது.

வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து இந்த ஓசோன் உருவாகிறது. காற்றில் நகர்ந்தபடியே உருவாவதால், நகர நடுவைவிட ஊர்ப்புறங்களில்தான் அளவு கூடுதல்.

இலைத்துளை வழியே நுழையும் வாயு செல் சவ்வுகளைச் சிதைக்கிறது. முதிர்ந்த இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு நடுவே, குண்டூசி முனையளவு புள்ளிகள் தோன்றும். மேலே வேறோர் இலையின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் புள்ளி இருக்காது. நாளடைவில் புள்ளிகள் ஒன்றுகூடிப் பழுப்பேறி, இலை முன்கூட்டியே மூப்படைகிறது. சேதத்தைச் சரிசெய்யவே சர்க்கரை செலவாகிவிடுவதால் வேருக்கும் பூவுக்கும் பங்கு குறைகிறது.

திறந்த கூரைக் கூண்டுகளில் ஓசோன் செலுத்திப் பார்த்த சோதனைகளில் புற்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. க்ளோவர்களோ எடை குறைந்தன, பூவும் விதையும் குறைந்தன. உண்மையான ஆபத்து விதைக் குறைவில்தான் இருக்கிறது. ஓராண்டுச் செடிக்கு அடுத்த ஆண்டு என்பது மண்ணில் விழும் விதை மட்டுமே. விதை இருப்பு ஆண்டுதோறும் சுருங்கினாலும் நிலம் புல்லால் பச்சையாகவே தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இழப்பு பிடிபடாது. ஆனால் குதிரைமசாலைப் போலவே க்ளோவரும் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பது. தீவனத்தில் புரதத்துக்கும் அதுவே ஆதாரம். அது விலகினால் மந்தை தின்பது வெறும் நார்தான். ஓசோன் பட்ட இலையில் லிக்னின் கூடிச் செரிமானமும் குறைகிறது.

சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,000 மீட்டர் உயரத்துப் பல்லாண்டுப் புல்வெளிகள் ஓசோனைப் பல ஆண்டுகள் தாங்கி நின்றதும் உண்டு. வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் செடிகளுக்கு அந்த வசதி உண்டு. தெஹேசாவின் ஓராண்டுச் செடிகளுக்கு இல்லை.

ஓசோனுக்கு மீத்தேனும் ஒரு மூலப்பொருள். அது ஏறத்தாழ 10 ஆண்டுகள் காற்றில் தங்கி உலகெங்கும் பரவுவதால், பக்கத்து நகரத்தின் வாகனப் புகையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது. எண்ணெய் வயல், குப்பைமேடு, கால்நடைப் பண்ணைகளிலிருந்து வெளியேறும் மீத்தேனும் குறைய வேண்டும்.