சில்வர் வாட்டில்

சில்வர் வாட்டில் (அறிவியல் பெயர்: அகேசியா டீல்பேட்டா) என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, விரைந்து வளரும் பசுமைமாறா மரமாகும். இதன் தாயகம் டாஸ்மேனியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆஸ்திரேலியா. குளிர்ந்த பகுதிகளில் அழகு மரமாக வளர்க்கப்படுகிறது. நீலகிரியில் வாட்டில் மரங்களைச் 'சீகை மரம்' என்பர். தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் வேறொரு செடியில் காய்ப்பது.

தோற்றம்

காட்டில் 30 மீட்டர் வரை வளரக்கூடிய இம்மரம், தோட்டங்களில் பெரும்பாலும் அதில் பாதி உயரத்தைக்கூட எட்டுவதில்லை. பெரணியைப் போன்ற இலைகளில் வெள்ளிச் சாயல் படர்ந்திருக்கும். 'டீல்பேட்டா' என்ற இலத்தீன் சொல்லுக்கு 'வெள்ளை பூசப்பட்ட' என்று பொருள். குளிர்காலத்தின் இறுதியில், கருவேலம் பூவை ஒத்த மஞ்சள் உருண்டைகள் கொத்துக் கொத்தாக மலர்ந்து மணம் வீசும். ஐரோப்பாவில் இப்பூவை 'மிமோசா' என்பர். இத்தாலியில் மார்ச் 8 அன்று பெண்களுக்கு இதைக் கொடுத்து வாழ்த்துவது வழக்கம்.

வளர்க்கும் முறை

நல்ல வெயிலும், பலத்த காற்று தாக்காத மறைவும் உள்ள இடம் ஏற்றது. மண்ணில் நீர் தேங்கக் கூடாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலைகள் மஞ்சளாகிவிடும். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துவதால் தழைச்சத்து உரம் அதிகம் தேவைப்படாது.

விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை விதைகள்மேல் ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். வேர் அசைவதை இம்மரம் தாங்காது. ஆகவே கன்று சிறிதாக இருக்கும்போதே நிலையான இடத்தில் நட்டுவிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் கோடையில் நீர் விடுவது அவசியம். பூத்து முடிந்தவுடன் கவாத்து செய்யலாம். தாமதித்து வெட்டினால் அடுத்த பருவத்திற்கான மொட்டுகளும் சேர்ந்து போய்விடும்.

பரவும் ஆபத்து

எளிதில் வளரும் இத்தன்மையே இம்மரத்தை ஆபத்தானதாகவும் ஆக்குகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் புதிய தளிர்கள் கிளம்பும். உதிர்ந்த விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். வெந்நீர் தோட்டத்தில் செய்யும் வேலையைக் காட்டுத்தீ மலையில் செய்கிறது. தீயின் சூட்டில் விதைத்தோல் வெடித்து, விதைகள் கூட்டமாக முளைக்கின்றன.

நீலகிரிக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த வாட்டில் மரங்கள் விறகுத் தேவைக்காகவும் நடப்பட்டன. பின்னர் அவை சோலைக்காடுகளை அடுத்த புல்வெளிகளில் பரவின. அப்புல்வெளிகளே மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்குச் சிறிது சிறிதாகத் தருபவை. வரையாடுகளின் மேய்ச்சல் நிலமும் அவையே. போர்ச்சுகலில் இம்மரத்தை நடுவதற்குச் சட்டத் தடை உள்ளது. தென்னாப்பிரிக்காவிலும் இது ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

எனவே தாயகத்திற்கு வெளியே இதை நட விரும்புவோர், அப்பகுதியில் இது பரவுகிறதா, நடுவதற்கு அனுமதி உண்டா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே வளர்ந்துள்ள மரமாயின், காய்கள் முற்றுமுன் அகற்றி, வேர்க்கன்றுகளை அவ்வப்போது களைவது நல்லது. நீலகிரித் தோட்டங்களுக்கு, அம்மலைக்கே உரியதும் செந்நிறப் பூக்களைத் தருவதுமான காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்) என்னும் பசுமைமாறா மரம் பொருத்தமானது.