எம்.எஸ். என்னும் இரண்டெழுத்து

ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் படிவங்களைப் புரட்டிப் பழகிய நமக்கு, பெயருக்கு முன்னுள்ள எழுத்தென்றால் தந்தையின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆயின், தமிழுலகம் நன்கறிந்த இரண்டெழுத்துக்களில் தந்தை பெயர் இல்லை. எம்.எஸ். என்பது மதுரை சண்முகவடிவு. முன்னது ஊர், பின்னது தாய். இசையையே குலச்செல்வமாகக் கொண்ட குடும்பங்களில் தாயின் பெயரைத் தாங்கி நிற்பது அந்நாளைய வழக்கம். அவ்வழக்கின்படி வந்த எழுத்தைச் சுப்புலட்சுமி அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் மாற்றவில்லை.

சண்முகவடிவு அம்மையார் வீணை வாசிப்பவர். அவருடைய தாயார் அக்கம்மாள் பிடில் வாசித்தவர். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் பிறந்த சுப்புலட்சுமிக்கு அண்ணன் சக்திவேல் மிருதங்கம். தங்கை வடிவாம்பாள் வீணை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகிலிருந்த அந்தச் சிறிய இல்லத்தில் விடிந்தால் சுருதி, அடைந்தால் சுருதி! மதுரைக்கு வரும் வித்துவான்கள் அங்கே வருவதுண்டு. குழந்தைகளைப் பாடச் சொல்லித் தாயார் அவர்கள் முன் நிறுத்துவார்.

முதன்முதலாக மேடையேறிய கதையை அம்மையாரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். சிறுமி மண்ணைப் பிசைந்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். யாரோ வந்து அவளைத் தூக்கி, கையிலும் பாவாடையிலும் ஒட்டிய மண்ணைத் தட்டி, சேதுபதி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்றனர். அங்கே தாயாரின் வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. “பாடு” என்றார் தாயார். குழந்தை ஒரு மராத்திப் பாட்டைப் பாடிற்று! மதுரைக்கு வந்த மராத்தி நாடகக் குழுவினரின் பாட்டு அது. (பம்பாய்ப் பக்கத்து அன்பர்கள் இதை அறிந்து மகிழ்வார்கள்.) கைதட்டலைப் பற்றிச் சிறுமிக்குக் கவலையே இல்லை, எப்போது மண் விளையாட்டுக்குத் திரும்பலாம் என்பதே நினைவு.

தாய் தந்த செல்வங்களில் தலையாயது எது என்று நம்மைக் கேட்டால், சுருதிச் சுத்தம் என்போம். சிறு வயதில் தம்புராவை மீட்டி ஆதார சுருதியைக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு அதை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாராம். இடையிடையே அச்சுருதியில் பாடி, மீண்டும் தம்புராவை மீட்டி, இம்மியும் பிசகவில்லையே என்று சரிபார்ப்பாராம். இது யாரும் இட்ட பாடமன்று. வீணையொலி ஓயாத வீட்டில் பிள்ளைகள் தாமே கண்டுகொண்ட விளையாட்டு. வாய்ப்பாட்டு அவருக்குப் பெயர் தந்ததாயினும் வீணையும் அவர் கைக்குப் பழக்கமானதே. அவருடைய கமகங்களில் ஒரு சுரம் அடுத்த சுரத்தை இழைந்து தொடுவதைக் கேட்டால், நரம்பை இழுக்கும் விரல் கண்முன் தோன்றும்.

1926-இல் பத்து வயதில் அவர் குரல் இசைத்தட்டில் ஏறியது. பத்தாண்டு கழித்து ஒரு பிரிவு. 1936-இல், தாயின் விருப்பத்துக்கு மாறாக அவர் தாய் நிழலைவிட்டு நீங்கிச் சென்னையில் தம் வழியைத் தாமே தேடிக்கொண்டார். 1940-இல் சதாசிவம் அவர்களை மணந்தார். தாய்க்கும் மகளுக்கும் அது எத்துணைத் துயராயிருந்திருக்கும்! வாழ்க்கை முறை மாறியது, பழகும் வட்டம் மாறியது. சினிமாவும் வந்தது, 1947-இல் இந்தியில் வெளியான ‘மீரா’ அவரை வடநாட்டார்க்கும் உரியவராக்கியது. ஆனால் பாட்டுத்தட்டிலும் கச்சேரி அழைப்பிதழிலும் அந்த ‘எஸ்’ அப்படியே நின்றது. பிணக்கு எதுவாயினும் பெயரை அது தொடவில்லை.

சண்முகவடிவு அம்மையார் 1962-இல் காலமானார். நான்காண்டுகளுக்குப் பின், 1966 அக்டோபரில், ஐக்கிய நாடுகள் சபையில் மகள் பாடியதைக் கேட்க அவர் இல்லை.

அன்று நியூயார்க் மேடையில் எம்.எஸ். தனித்துப் பாடவில்லை. அருகே அமர்ந்து உடன் பாடியவர் ராதா. சதாசிவம் அவர்களின் முதல் மனைவியின் மகள். ‘மீரா’வில் குழந்தை மீராவாக நடித்தவரும் இவரே. எம்.எஸ். பெற்ற பிள்ளையல்லர், ஆனால் சிறுமியாயிருந்த நாள்முதல் அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் குரலைக் கேட்டுக் கேட்டே பாடக் கற்றவர்.