பூனைக்குச் சர்க்கரை நோய்: வீட்டில் கவனிக்கும் முறை

நெல் மூட்டையை எலியிடமிருந்து காக்கும் பூனைக்கும் நீரிழிவு நோய் வருவதுண்டு. வயதான, உடல் பருத்த கடுவன் பூனைகளுக்கு இது அதிகம். ஓயாமல் தண்ணீர் குடித்தல், அதிகமாகச் சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்கும்.

நோய் உறுதியானதும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் இன்சுலின் ஊசியைத் தோலுக்கு அடியில் போட வேண்டும். பெரும்பாலும் 12 மணிக்கு ஒருமுறை, தீனி தின்ற பிறகு போடுவது வழக்கம்.

இன்சுலினில் 40 யூனிட், 100 யூனிட் என இருவகை உண்டு. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும். மருந்தை உறைய விடக்கூடாது.

பால் சோற்றைக் குறைத்து மீன், கோழிக்கறி, முட்டை கொடுக்கலாம். தீனியை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லவும். ஊசி அளவைக் குறைக்க நேரிடும். தீனி தின்னாத வேளையிலும் அவரைக் கேட்காமல் ஊசி போட வேண்டாம்.

ஊசிக்குப் பின் பூனை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று கொள்ளவும். சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் தடவவும். வாயில் ஊற்றினால் புரையேறும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். தாமதித்தால் உயிர் போய்விடும்.

மனிதருக்கான சர்க்கரை மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக்கூடாது. ஆரம்பத்திலேயே முறையாகக் கவனித்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு.