மின்னஞ்சல் தலைப்பகுதியும் பயனரின் திருத்த உரிமையும்: ஜெர்மனியச் சட்டமும் தமிழ் மடல்களும்

மின்னஞ்சல் ஒவ்வொன்றும் தலைப்பகுதி, உடற்பகுதி என இரு கூறுகளை உடையது. தலைப்பகுதியில் அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் ஆகியவையே பெரும்பாலும் பயனரின் கண்ணில் படுகின்றன. மடல் கடந்துவந்த வழங்கிகளின் பதிவும் எழுத்துக் குறியேற்றத்தின் பெயரும் மின்னொப்பமும் மறைந்தே நிற்கின்றன. மடலைப் பெற்றவர் இப்பகுதியைத் திருத்தலாமா என்னும் வினா, தமிழ் மடல்களைப் பொறுத்தவரை வெறும் வசதி பற்றியதன்று.

1984 ஆகஸ்டு 3 அன்று கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் மிக்கேல் ரோட்டர்ட் பெற்ற மடலே ஜெர்மனியின் முதல் இணைய மின்னஞ்சலாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைய நெறிமுறை (1982) தலைப்பகுதியில் 7 பிட் ஆங்கில எழுத்துகளையே ஏற்றது. ஜெர்மானியரின் உம்லவுட் எழுத்துகளுக்கே அங்கு இடமில்லை. 1990களின் இறுதியில் தமிழர் திஸ்கி முதலிய 8 பிட் குறியேற்றங்களில் எழுதலாயினர். உடற்பகுதியை எழுத்துரு மாற்றிப் படிக்க முடிந்தது. பொருள் வரியோ பொருளற்ற ஐரோப்பிய எழுத்துக் கோவையாகவே நின்றது.

ஒருங்குறி வந்தபின்னும் இடர் முற்றும் நீங்கவில்லை. 1996ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, தலைப்பகுதியில் குறியேற்றிய துண்டு ஒவ்வொன்றும் 75 இடங்களுக்குள் அடங்கவேண்டும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட்டுகள். பேஸ்-64 ஆக மாற்றினால் 4 இடங்கள். முன்னும் பின்னும் வரும் அடையாளங்களுக்கு 12 போக எஞ்சும் 63இல் 15 தமிழ்க் குறிகளே கொள்ளும். ‘திருக்குறள்’ என்னும் ஒரு சொல்லே 11 குறிகளை விழுங்கிவிடும். ஆய்வுக் கட்டுரைத் தலைப்போ பல துண்டுகளாகும். குறியின் நடுவே பைட்டைப் பிளக்கும் செயலி அதனைச் சிதைத்துவிடுகிறது.

சிதைந்ததைச் செப்பம் செய்ய விழைவது இயல்பே. ஆனால் மின்னொப்பம் பெரும்பாலும் பொருள் வரியையும் தழுவியது. ஓரெழுத்து மாறினும் ஒப்பச் சோதனை தோற்கும். நல்லெண்ணத் திருத்தத்தையும் மோசடியையும் அச்சோதனை பிரித்தறியாது. ஜெர்மனிய வணிகச் சட்டத் தொகுப்பின் 239ஆம் பிரிவு இங்கு நல்ல வழிகாட்டி. வணிகப் பதிவை, அதன் முதல் உள்ளடக்கம் அறியப்படாதவாறு மாற்றலாகாது என்பது அதன் விதி. தடை, மாற்றத்துக்கன்று, மூலத்தை மறைப்பதற்கே.

ஏட்டுச்சுவடி ஆய்வாளர்க்கு இது புதிதன்று. ஹாம்பர்க் பல்கலைக்கழகச் சுவடிப் பண்பாட்டாய்வு மையத்தில் தமிழ்ச் சுவடிகளின் முடிப்புக் குறிப்புகளும் ஆராயப்படுகின்றன. எழுதியவர் பெயரும் முடித்த நாளும் அக்குறிப்புகளால் தெரியவருகின்றன. பிற்காலத்தார் ஒருவர் அவற்றைச் சுரண்டிவிட்டுத் தாம் சரியெனக் கருதியதை எழுதியிருப்பின், சுவடியின் காலத்தை எதைக்கொண்டு துணிவது? அறிஞர்தம் மடல்களும் நாளை இவ்வாறே ஆராயப்படும்.

டூபிங்கனில் 1996இல் தொடங்கிய கே.டி.இ. திட்டத்தின் கேமெயில், அனுப்பும் மடலில் பயனர் தாமே வகுத்த புலங்களைச் சேர்க்க இடமளிக்கிறது. எழுதுபவர் தம் மடலுக்கு அடையாளமிடுவது பொருந்தும். பெற்ற மடலுக்கு வேண்டுவது வேறு: மூலத் தலைப்பகுதி பைட் மாறாமல் இருக்க, திருத்திய பொருள் வரியைத் திருத்தியவர் பெயருடனும் நாளுடனும் தனிப்பதிவாகச் செயலி வைத்துக்கொள்ளவேண்டும். பட்டியலில் திருத்திய வடிவம் தோன்றட்டும். ஏற்றுமதி செய்யும்போது இரண்டும் சேர்ந்தே செல்லவேண்டும்.