டேட்டாபேஸ் சர்வர்: கையால் அமைப்பதும் கோப்பால் அமைப்பதும்

டேட்டாபேஸ் சர்வர் ஒன்றைப் புதிதாக அமைப்பதில் மென்பொருளை நிறுவுவது சின்ன வேலை. பெரிய வேலை அதற்குப் பின்தான் தொடங்குகிறது. உலகெங்கும் பயன்பாட்டில் உள்ள போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இலவச டேட்டாபேஸை உதாரணமாகக் கொள்ளலாம். 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது அது. மூல அமைப்பை மாற்றாமல் விட்டால் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளை ஏற்கும். தரவைக் கைவசம் வைத்துக்கொள்ள 128 மெகாபைட் நினைவகத்தை ஒதுக்கும். தான் இருக்கும் கணினியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே பதில் சொல்லும். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வரில் மொத்த நினைவகத்தின் கால் பங்கைக் கொடுத்துத் தொடங்கலாம் என்கிறது அதன் கையேடு. 64 ஜிகாபைட் உள்ள சர்வர் என்றால் 16 ஜிகாபைட். 128 மெகாபைட் எங்கே, 16 ஜிகாபைட் எங்கே!

எந்தக் கணினியிலிருந்து எந்தப் பயனர் எந்த டேட்டாபேஸுக்குள் வரலாம் என்பதைத் தனிக் கோப்பில் வரி வரியாக எழுத வேண்டும். பயனர் கணக்கு, பாஸ்வேர்டு, ஃபயர்வால், சரியான நேரம் காட்டும் கடிகாரம், நகல் சர்வர், தினசரி பேக்கப் என்று பட்டியல் நீளும்.

இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து கமாண்ட் கமாண்டாகத் தட்டி முடித்துவிடலாம். சிக்கல் இரண்டாவது சர்வரில் வரும். ஆறு மாதம் கழித்து அதே போல இன்னொன்று வேண்டும் என்றால், முதலாவதில் என்னென்ன செய்தோம் என்பது செய்தவரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் வேலை மாறிப் போய்விட்டால் அதுவும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவசரத்துக்கு ஆளாளுக்குக் கைவைத்த மாற்றங்கள் வேறு. ஒரே மாதிரி இருக்க வேண்டிய மூன்று சர்வர்கள், யாரும் கவனிக்காமலே மூன்று விதமாகிவிடும்.

போஸ்ட்கிரெஸில் இது எப்படி உறைக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. மூலச் சர்வரில் எழுதப்படுவதை அவ்வப்போதே வாங்கிப் பதிந்துகொள்ளும் நகல் சர்வரில், இணைப்புகளின் உச்சவரம்பு மூலத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கூட்டம் அதிகமான ஒரு நாளில் மூலத்தில் 100-ஐ 300 ஆக்கிவிட்டு நகலை மறந்துவிட்டால், நகல் மேற்கொண்டு மாற்றங்களைப் பதியாமல் நின்றுபோகும். பழைய பதிப்புகளில் சர்வரே மூடிக்கொள்ளும். மூலம் பழுதானால் கைகொடுக்கத்தான் நகல். அது நின்றுகிடப்பது மூலம் பழுதாகும் நாளில்தான் தெரியவரும் என்றால், அது இருந்தும் பயனில்லை.

சர்வரின் அமைப்பை ஆளின் நினைவிலிருந்து கோப்புக்கு மாற்றும் முயற்சி 1993-இல் நார்வேயில் தொடங்கியது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜஸ் என்ற இயற்பியலாளர் சிஎஃப்-என்ஜின் என்ற கருவியை எழுதினார். கணினியிடம் ‘இதைச் செய், அதைச் செய்’ என்று படிப்படியாகச் சொல்லாமல், ‘கடைசியில் நீ இப்படி இருக்க வேண்டும்’ என்று நிலையைச் சொல்லிவிடுவது அதன் வழி. இப்போதைய நிலைக்கும் சொன்ன நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவியே கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்யும். 2005-இல் லூக் கேனிஸ் உருவாக்கிய பப்பெட், 2009-இல் வந்த செஃப், 2011-இல் வந்த சால்ட், 2012-இல் மைக்கேல் டெஹான் எழுதிய ஆன்சிபிள் ஆகியவை அந்த வழியில் வந்தவை. ஆன்சிபிளை 2015-இல் ரெட்ஹாட் நிறுவனம் வாங்கியது.

புதிதாகக் கற்பவருக்கு இவற்றில் எளிதானது ஆன்சிபிள். நிர்வகிக்கப்படும் சர்வரில் அதற்கென்று தனி மென்பொருள் எதையும் போட வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிய வேண்டும், பைத்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தெந்தச் சர்வர்கள் என்பது ஒரு கோப்பில் இருக்கும். அவை எப்படி இருக்க வேண்டும் என்பது யாமல் என்ற எளிய எழுத்து வடிவில் இன்னொரு கோப்பில் இருக்கும். இந்த இரண்டாவது கோப்புக்கு பிளேபுக் என்று பெயர். போஸ்ட்கிரெஸ் நிறுவப்பட்டிருக்க வேண்டும், இந்தப் பயனர் இருக்க வேண்டும், அனுமதிக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதில் எழுதுவார்கள்.

பிளேபுக்கை ஓட்டும்போது திரையில் வருவதைக் கவனித்தால் கருவியின் குணம் புரியும். புதுச் சர்வரில் முதல் முறை ஓட்டும்போது மஞ்சள் வரிகள் வரிசையாக வரும். மாற்றம் செய்யப்பட்டது என்று பொருள். உடனே மறுபடி ஓட்டினால் எல்லாம் பச்சை. கடைசி வரியில் மாற்றங்கள் 0. சரியாக எழுதிய பிளேபுக்கை எத்தனை தடவை ஓட்டினாலும் முடிவு மாறாது. சாதாரண ஷெல் ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால் ஏற்கெனவே இருக்கும் வரியை இன்னொரு தடவை சேர்த்துவிடவும் கூடும்.

நினைவக அளவு சர்வருக்குச் சர்வர் வேறுபடும் என்பதால் அமைப்புக் கோப்பை வார்ப்புருவாக எழுதி வைப்பார்கள். மொத்த நினைவகத்தில் கால் பங்கு என்று கணக்கை மட்டும் அதில் எழுதினால், ஒவ்வொரு சர்வரின் அளவையும் ஆன்சிபிள் விசாரித்து எண்ணை நிரப்பிக்கொள்ளும். பாஸ்வேர்டுகளை மட்டும் வெறும் எழுத்தாக எந்தக் கோப்பிலும் வைக்கக் கூடாது. அவற்றைப் பூட்டி வைக்க ஆன்சிபிளிலேயே வால்ட் என்ற வசதி இருக்கிறது.

இதுவரை சொன்னது எந்தச் சர்வருக்கும் பொருந்தும். டேட்டாபேஸ் சர்வருக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அனுமதிக் கோப்பை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸை அதை மறுபடி படிக்கச் சொன்னால் போதும். யாருடைய இணைப்பும் அறுபடாது. நினைவக ஒதுக்கீட்டையோ இணைப்பு வரம்பையோ மாற்றினால் நிறுத்தித்தான் தொடங்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிளேபுக்கில் எழுதாமல், எதை மாற்றினாலும் மறுதொடக்கம் செய் என்று விட்டுவிட்டால், ஒரு சின்னத் திருத்தம் பட்டப்பகலில் எல்லா டேட்டாபேஸ்களையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும். வரிசையும் முக்கியம். இணைப்பு வரம்பை உயர்த்துவதானால் முதலில் நகல்களில் உயர்த்திவிட்டு மூலத்துக்கு வர வேண்டும். குறைப்பதானால் மூலத்தில் தொடங்க வேண்டும். இந்த விதியைத் தெரிந்தவர் ஒரு முறை கோப்பில் எழுதிவிட்டால், தெரியாதவர் ஓட்டினாலும் வரிசை தவறாது. இந்தக் கருவிகளின் பெரும் பயன் இதுதான். நேரம் மிச்சமாவது அதற்கு அடுத்தபடி.

கருவியால் ஆகாதது ஒன்றும் உண்டு. சர்வர் அழிந்தால் பிளேபுக் அதை மறுபடி எழுப்பித் தரும். அதிலிருந்த தரவை எழுப்பித் தராது. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டது. நகல் சர்வரின் தரவுக் கோப்புறையை அழிக்க நினைத்த பொறியாளர், மூலச் சர்வரில் அந்தக் கமாண்டைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினாலும் சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்துசேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு டிஸ்க் நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை.

பேக்கப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு ஒத்திருக்க வேண்டும் என்பது பிளேபுக்கில் எழுதி, ஓட்டும்போதெல்லாம் சோதிக்கக்கூடிய நிபந்தனை. பேக்கப்பைத் தனிச் சர்வரில் ஏற்றி, அட்டவணைகளில் வரிகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதையும் அப்படியே எழுதலாம்.

அமைப்பு கோப்புக்குப் போய்விட்டால், பிறகு சர்வரில் நேரடியாகக் கைவைக்கும் பழக்கத்தை விட்டாக வேண்டும். பப்பெட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை நிலையைச் சரிபார்க்கும். நள்ளிரவில் யாரோ கையால் செய்த திருத்தத்தை அது அடுத்த அரை மணிக்குள் அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை இந்த முறைக்குக் கொண்டுவருவோர், இன்றுள்ள அமைப்பை அப்படியே பிளேபுக்காக எழுதிவிட்டு, எதையும் மாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் காட்டும் ஒத்திகை முறையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்த பிறகே முதல் மாற்றத்தைத் தொடங்கலாம். அதற்கும் முன்னால், கடைசியாக எடுத்த பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.