எந்தக் காய் எப்போது? எல் சால்வடோர் பீஃப் சூப்பில் விஷயமே அதுதான்!

பெயர் 'சோபா தே ரெஸ்'. ஸ்பானிஷ் மொழியில் சோபா என்றால் சூப், ரெஸ் என்றால் மாடு. நாம் உட்காரும் சோபாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை! மத்திய அமெரிக்காவின் மிகச்சிறிய நாடான எல் சால்வடோரில் இது ஸ்டார்ட்டர் கிடையாது, மதியச் சாப்பாடே இதுதான். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களோடு இந்தச் சூப்பும் லாஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் வரை போய்ச் சேர்ந்தது.

நல்ல செய்தி என்னன்னா, இதில் போடும் காய்கள் எல்லாமே நம்ம மார்க்கெட்டில் இருக்கு. அவர்கள் 'குயிஸ்கில்' என்பது நம்ம சௌசௌ. அதன் பூர்வீகமே மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். 'யூக்கா' என்பது மரவள்ளிக்கிழங்கு. கூடவே மக்காச்சோளம், வாழைக்காய், முட்டைக்கோஸ், கேரட்.

கறி எப்படி இருக்கணும்?

ஆறு பேருக்கு ஒரு கிலோ எலும்போடு கூடிய கறி. கால் பகுதியும் நல்லி எலும்பும் கலந்து கேளுங்கள். எலும்பில்லாத துண்டு வாங்கினால் சூப் வெறும் தண்ணியாகத்தான் இருக்கும். மூன்று லிட்டர் தண்ணீரில் கறி, உப்பு, வெங்காயம், தக்காளி, பூண்டு, ஒரு கட்டு கொத்தமல்லி. முதலில் பொங்கி வரும் நுரையை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் சிம்மில் விடுங்கள். கால் கறியில் இருக்கும் கடினமான சவ்வு மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். உதட்டில் ஒட்டுகிற அந்தப் பதம் அதில்தான் வருது. தளதளன்னு கொதிக்கவிட்டால் கொழுப்பு கலந்து சூப் கலங்கிவிடும். அவசரம்னா குக்கரில் 40 நிமிடம் போதும், ஆனால் அந்தத் தெளிவு கிடைக்காது.

பட்டை, கிராம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கை பரபரக்கும்தான், அடக்கிக்கோங்க.

காய்களின் வரிசை

பலர் சொதப்புவது இங்கேதான். எல்லாத்தையும் ஒண்ணா கொட்டினால் கோஸ் கரைந்திருக்கும், கிழங்கு வேகாமல் இருக்கும். கறி வெந்த பிறகுதான் காய்க்கே வேலை. முதலில் மரவள்ளி. தோலை நன்றாகச் சீவி, நடு நாரை எடுத்துவிடுங்கள். பச்சையாகச் சாப்பிட்டாலோ, அரைவேக்காடாக இருந்தாலோ இதில் உள்ள சயனைடு சேர்மங்கள் உடம்புக்கு ஆபத்து என்பதால், கத்தி சுலபமாக இறங்கும்வரை வேகணும். அதுக்கு 30 நிமிடமாவது ஆகும். நாட்டு மக்காச்சோளம் என்றால் அதையும் இப்போதே போடலாம். ஸ்வீட் கார்ன் என்றால் பத்து நிமிடம் போதும், பிறகு பார்த்துக்கலாம்.

பாதி நேரத்தில் கேரட்டும் சௌசௌவும். எல்லாம் பெரிய பெரிய துண்டுகள். பொரியலுக்கு நறுக்குவது மாதிரி நறுக்காதீங்க. கோஸைத் தண்டோடு கால் கால் துண்டாக வெட்டி, கடைசி பத்து நிமிடத்தில் இறக்கினால் இதழ் பிரியாது.

வாழைக்காய் மட்டும் கொஞ்சம் தகராறு. பாதி பழுத்த நேந்திரம் நல்லா இருக்கும், ஆனால் அதன் இனிப்பு மொத்தச் சூப்பிலும் இறங்கிவிடும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். பிடிக்காதவர்கள் தனியாக வேகவைத்துத் தட்டில் வையுங்கள்.

கிண்ணத்தில் சூப், தனித்தட்டில் கறியும் காயும், பக்கத்தில் சாதம் அல்லது மக்காச்சோள டார்ட்டியா. மேலே எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்துக்கோங்க.